திரும்பி வராத யோயோ: கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

ஆறாம் வகுப்பு படிக்கும் என் தங்கை மகனுக்கு ஆன்லைனில் ஓர் அலுமினிய யோயோ வாங்கிக் கொடுத்தேன். விலை ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல். கீழே விட்டால் அழகாகச் சுழல்கிறது. ஆனால் மேலே வரவே மாட்டேன் என்கிறது. எவ்வளவு சுண்டினாலும் நூலின் முனையிலேயே சுற்றிக்கொண்டு கிடக்கிறது. சின்ன வயதில் பெட்டிக்கடையில் நான் வாங்கிய பிளாஸ்டிக் யோயோ தானாகக் கைக்கு வந்துவிடும். விற்றவர்களோ, 'பொருளில் குறையில்லை, திரும்ப எடுக்க முடியாது' என்கிறார்கள். ஏமாந்துவிட்டேனா? பேரிங், விளிம்பு எடை என்றெல்லாம் போட்டிருக்கிறார்களே, அதெல்லாம் நிஜமா, விலையை ஏற்றும் வித்தையா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

நீங்கள் ஏமாறவில்லை. விற்றவர்கள் சொன்னதும் சரிதான், முக்கியமானதைச் சொல்லாமல் விட்டதுதான் தப்பு. உங்களிடம் இருப்பது சுண்டினால் வரக்கூடாது என்பதற்காகவே செய்யப்பட்ட யோயோ. ஆடுகிறவர்கள் இதை 'அன்ரெஸ்பான்சிவ்' என்பார்கள். சுண்டினால் வருவது 'ரெஸ்பான்சிவ்'. இந்த ஒரு வார்த்தையைப் பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருந்தால் உங்களுக்கு இந்த அலைச்சல் இருந்திருக்காது.

நூலும் அச்சும் எப்படிச் சேர்கின்றன என்பதுதான் யோயோவின் மூலாதாரம். உங்கள் பெட்டிக்கடை யோயோவில் நூலை அநேகமாக அச்சிலேயே முடிச்சுப் போட்டிருப்பார்கள். அப்படியானால் அதற்கு வேறு வழியே கிடையாது. நூல் தீர்ந்த கணமே எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டு ஏறியாக வேண்டும். 1928-ல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் யோயோ கம்பெனி தொடங்கிய பெட்ரோ ஃபுளோரஸ், பிலிப்பைன்ஸிலிருந்து குடியேறியவர். அவர் விற்ற யோயோவில் முடிச்சு இல்லை. நீளமான நூல் ஒன்றை இரண்டாக மடித்து முறுக்கி, மடிப்பு இருக்கும் முனையில் முறுக்கைக் கொஞ்சம் பிரித்தால் ஒரு கண்ணி கிடைக்கும். அதற்குள் அச்சு சும்மா உட்கார்ந்திருக்கும். இறங்கி முடித்த யோயோ அந்தக் கண்ணிக்குள் வழுக்கிக்கொண்டே சுழலும், அதைத்தான் 'ஸ்லீப்' என்கிறார்கள். லேசாகச் சுண்டினால் நூல் ஒரு நொடி தளரும், யோயோவின் பக்கச்சுவரில் உரசிப் பிடித்துக்கொள்ளும், மேலே வரும். இன்று நடக்கும் எல்லா வித்தையும் இந்தக் கண்ணியிலிருந்து வந்ததுதான்.

இந்த ஸ்லீப்புக்கு நூல் விறைப்பாக இருந்தே ஆக வேண்டும், அதை விறைப்பாக வைப்பது யோயோவின் எடை. 1985-ல் டிஸ்கவரி விண்கலத்தில் நாசா ஒரு யோயோவைக் கொண்டுபோனது. அங்கே எடை இல்லையே! நூலின் முனையைத் தொட்டதும் திரும்பி வந்துகொண்டிருந்தது, தூங்க மறுத்துவிட்டது.

பூமியில் பிரச்சினை நேர்மாறு. மர அச்சில் நூல் உரசிக்கொண்டே இருப்பதால் சுழற்சி சீக்கிரம் செத்துவிடும். இதற்கு இரண்டு பேர் இரண்டு விதமாக வழி கண்டார்கள். மைக்கேல் காஃப்ரி வடிவமைத்து, 1980-களில் யோமெகா என்ற பெயரில் வந்ததன் உள்ளே ஸ்பிரிங் வைத்த இரண்டு கரங்கள் அச்சைக் கவ்விக்கொண்டிருக்கும். வேகமாகச் சுழலும்போது கரங்கள் வெளியே விரிந்து பிடியை விடும், வேகம் குறைந்ததும் மறுபடி கவ்வி யோயோவைத் தானாக மேலே அனுப்பும். 'மூளையுள்ள யோயோ' என்று விளம்பரம் செய்தார்கள். எனக்கு அந்த இயந்திரம் பிடிக்கும், ஆனால் எப்போது திரும்ப வேண்டும் என்று அதுவே முடிவெடுத்துவிட்டால் ஆடுகிறவனுக்கு என்ன வேலை? சான் ஃபிரான்சிஸ்கோவில் பல் மருத்துவராக இருந்த டாம் கூன் வேறு பக்கம் போனார். அலுமினிய உடல், நடுவே உரசலைக் குறைக்கும் பால் பேரிங் (குண்டுகள் உருளும் வளையம்), இரண்டு பாதிக்கும் இடையே கூட்டிக் குறைக்கக்கூடிய இடைவெளி என்று 1990-ல் எஸ்பி-2 என்ற யோயோவைக் கொண்டுவந்தார். இப்போது போட்டிகளில் ஆடுவதெல்லாம் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவைதான்.

உங்கள் யோயோவை இரண்டு பாதியாகத் திருகிக் கழற்றிப் பாருங்கள். நடுவில் ஒரு திருகு, அதன்மேல் விரல் நகம் அளவுக்கு ஒரு பேரிங். பரவலாகப் புழங்கும் 'சி' சைஸ் பேரிங்கின் வெளிவட்டம் 12.7 மில்லிமீட்டர், அகலம் 4.76. பேரிங்கைச் சுற்றி இரு பக்கமும் வளையமாகச் சிலிக்கோன் பேடு (ரப்பர் போன்ற மெத்தை) ஒட்டியிருக்கும். நூலைப் பிடிக்க வேண்டியது அந்த பேடுதான், ஆனால் இரண்டு பேடுக்கும் நடுவில் ஏறக்குறைய நாலரை மில்லிமீட்டர் இடைவெளி. ஒற்றை நூல் இரண்டையும் ஒரே நேரத்தில் தொட முடியாது. சுண்டினாலும் பேரிங் மட்டும் நூலோடு நின்றுவிட, உடல் தன்பாட்டுக்குச் சுற்றும். வராததன் காரணம் முழுக்க இவ்வளவுதான். விரலில் நூலை மாட்டி, மடக்கி, அதன்மேல் யோயோவை ஏற்றி இறக்கி ஆடுகிறவருக்கு இது வசதி. கொஞ்சம் நூல் தளர்ந்ததும் யோயோ பாய்ந்து வந்து முட்டியில் அடித்தால் எப்படி ஆடுவது?

திரும்ப வரவழைக்க 'பைண்ட்' போட வேண்டும். சுழன்றுகொண்டிருக்கும்போது நூலின் நடுப்பகுதியை இடது கைவிரலில் மடக்கி, அந்த மடிப்பைத் தளர்வாக இடைவெளிக்குள் விட வேண்டும், சுழற்சி நூலை உள்ளே இழுக்கும் பக்கத்திலிருந்து. ஓர் இழை இருந்த இடத்தில் இரண்டு மூன்று இழை நெருக்கும். பேடு கவ்வும், யோயோ விருட்டென்று கைக்கு வரும். மறுபக்கத்திலிருந்து விட்டால் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். பையன் முதலில் தடுமாறுவது இதில்தான்.

விளிம்பு எடை வித்தையல்ல. மொத்த எடை 65 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அது நடுவில் குவிந்திருக்கிறதா, ஓரத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரே எடையை அச்சிலிருந்து இரண்டு மடங்கு தூரத்தில் வைத்தால் சுழற்சி நிலைமம், அதாவது சுழற்சி மாறுவதை எதிர்க்கும் தன்மை, நான்கு மடங்காகும். குயவர்கள் சக்கரத்தின் விளிம்பைக் கனமாக்குவதும் இதற்காகத்தான். நம் கை கொடுக்கும் விசை ஒன்றே என்றாலும், ஓரத்தில் கனமுள்ளது சற்று மெதுவாகச் சுற்றும், ஆனால் நெடுநேரம் சுற்றும். நூல் பக்கவாட்டில் உரசினாலும் சட்டென்று சாயாது. அலுமினியத்தைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு அடர்த்தி கொண்ட எஃகை வளையமாக்கி விளிம்பில் பொருத்துவது இந்தக் கணக்கில்தான். 7075 என்ற அலுமினியக் கலவை 6061 என்ற இன்னொரு கலவையைவிட வலுவானது. நடுச்சுவரை மெலிதாகக் கடைந்து, மிச்சப்பட்ட எடையை ஓரத்துக்குத் தள்ளலாம். விலையில் ஒரு பகுதி நிஜமாகவே அதற்குப் போகிறது. பளபளக்கும் வண்ணப்பூச்சுக்குப் போகும் பகுதியைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதாக இல்லை.

அதற்காக விளிம்பு எடை எல்லா ஆட்டத்துக்கும் நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டு கையிலும் யோயோவை வைத்து முன்னே வீசி வீசித் திருப்பும் 'லூப்பிங்' ஆட்டத்துக்கு அது சனியன். அங்கே ஒவ்வொரு வீச்சிலும் யோயோ புரண்டு திரும்ப வேண்டும், லேசாகவும் நடுவில் எடையோடும் இருந்தால்தான் புரளும். அதனால் அந்த ஆட்டக்காரர்கள் இன்றும் குறுகிய வாய் (நூல் நுழையும் இடைவெளி) கொண்ட பிளாஸ்டிக் யோயோவைத்தான் வைத்திருக்கிறார்கள். வெளிப்பக்கம் விரிந்த வாய், நூலின்மேல் யோயோவைக் கொண்டுவந்து உட்கார வைக்கும் ஆட்டத்துக்கு.

பையன் இப்போதுதான் தொடங்குகிறான் என்றால், இதற்கே ஒரு மெலிந்த பேரிங் கிடைக்குமா என்று விசாரியுங்கள். சில மாடல்களுக்குப் பெட்டியிலேயே வைத்திருப்பார்கள். போட்டால் இடைவெளி சுருங்கி, சுண்டினால் வரும். கிடைக்காவிட்டால் பேரிங்கில் ஒரு சொட்டு கெட்டியான எண்ணெய் விட்டுப் பாருங்கள், ஓரளவு கேட்கும். அப்புறம், யோயோவைத் தரையில் வைத்து, நூலை அவன் தொப்புள் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். பெரியவர்களுக்கான நீளத்தில் அவன் விட்டால் யோயோ முதல் வீச்சிலேயே சிமெண்டுத் தரையில் மோதும். விளிம்பு நசுங்கினால் நடுக்கம் வந்துவிடும், அதைச் சரிசெய்வது கஷ்டம். திருகை இறுக்கும்போது கை பலத்தையெல்லாம் காட்ட வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள், அலுமினியத்தில் மரை போய்விடும்.