கொடைக்கு வரும் கூட்டத்துக்கும் மழைத்தண்ணீர் போதுமா?

கேள்வி: நாங்குநேரிப் பக்கம் தோட்டத்தோடு வீடு கட்டுகிறோம். கோடையில் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். தட்டட்டி (மொட்டை மாடி) 1,000 சதுர அடி. வீட்டில் ஐந்து பேர். கோயில் கொடைத் திருவிழாவுக்கும் மே விடுமுறைக்கும் சொந்தக்காரர்கள் வந்து தங்குவார்கள். லாரித் தண்ணீர் வாங்காமல் மழைநீரை வைத்தே சமாளிக்க முடியுமா? தொட்டி எவ்வளவு பெரிதாக வேண்டும்?

பதில்: குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்றால் தாராளமாக முடியும். குளிக்க, துவைக்கக் கிணற்று நீரையே எடுங்கள். அதற்கும் மழைநீர் என்றால் தை முடிவதற்குள் தொட்டி காலியாகிவிடும்.

ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர். ஜனவரி முதல் செப்டம்பர் வரை 270 நாளுக்கு ஐந்து பேருக்கு 13,500 லிட்டர். விடுமுறைக்கு நாலு பேர் 30 நாள் தங்கினால் 1,200. கொடைக்கு 15 பேர் நாலு நாள் என்றால் 600. ஆக 15,300 லிட்டர். 10 அடிக்கு 10 அடி, நீர் நிற்கும் ஆழம் ஆறரை அடி என்று கட்டினால் 18,400 லிட்டர் பிடிக்கும். வண்டல் மேலே வராமலிருக்க ஃபுட் வால்வை (மோட்டார் உறிஞ்சுகுழாயின் அடிமுனையில் இருக்கும் வால்வு) தொட்டித் தரையிலிருந்து அரையடி உயர்த்தி வைக்க வேண்டும்; அடியில் தங்கும் 1,400 லிட்டரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 100 மி.மீ. மழைக்கு உங்கள் தட்டட்டியில் சேதாரம் போக 7,400 லிட்டர் வரும். ஐப்பசி, கார்த்திகையில் 250 மி.மீ. பெய்தாலே தொட்டி நிறைந்துவிடும்.

பெரும்பாலான வீடுகளில் தண்ணீர் கெடுவது முதல் மழையில்தான். மயில் எச்சம், தூசி, சருகு எல்லாம் அந்த நீரோடு இறங்கும். அதைத் தள்ளிவிட நாலங்குலக் குழாயில் மூன்றடித் துண்டை மாட்டி மூடி போட்டுவிடுகிறார்கள். அதில் எட்டு லிட்டருக்கு மேல் நிற்காது. உங்களுக்கு 200 லிட்டர் டிரம் வேண்டும். அதன் அடியில் சிறு குழாய் வைத்துச் சொட்டுச் சொட்டாக வடியவிடுங்கள். வடியாவிட்டால் அடுத்த மழையின் அழுக்கு நேரே தொட்டிக்குத்தான் போகும். டிரம்முக்கு அடுத்து ஜல்லி, கூழாங்கல், ஆற்றுமணல் வடிகட்டி. புரட்டாசியில் மணலை அள்ளி அலசிப் போடுங்கள், தட்டட்டியையும் கழுவிவிடுங்கள்.

தொட்டி மண்ணுக்குள் இருக்கும் என்பதால், மண் கரிசலா என்று முதலில் பாருங்கள். கரிசல் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும், சுவர் வெடிக்கும். தொட்டியைச் சுற்றி ஓரடி அகலத்துக்குச் சரளை போட்டு நிரப்புங்கள். சுவருக்குச் செங்கல் வேண்டாம், கம்பி கட்டிய கான்கிரீட்தான் நல்லது. மேல்மூடியில் வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும். வழிகுழாய் வாயில் கொசுவலை கட்டாயம்.

நிறைந்த தொட்டிக்குச் சுமார் 110 கிராம் புது பிளீச்சிங் பவுடர் போதும். வாளித் தண்ணீரில் கரைத்து, தெளிவை மட்டும் ஊற்றி, அரைமணி நேரம் விட்டு எடுங்கள். பழைய பவுடரில் வீரியம் இருக்காது. குடிநீரை எப்படியும் காய்ச்சிவிடுங்கள்.

கேள்வி: கூட்டம் சேரும் நாட்களில் குளியல் தண்ணீரை வாழைக்கு விடலாமா?

பதில்: விடலாம். ஒரே குழியில் தேக்காமல் நாலைந்து வாழைக்கு மாற்றி மாற்றித் திருப்புங்கள். தேங்கினால் வேர் அழுகும். கழிவறை நீர் இதில் சேரக்கூடாது. செப்டிக் தொட்டி, கிணற்றுக்கும் மழைத்தொட்டிக்கும் குறைந்தது 50 அடி தள்ளி, பள்ளப் பக்கமாக இருக்கட்டும்.