வயிற்றில் துடிக்கும் இரண்டாவது இதயம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: எலிகளில் இதய மாற்று ஆய்வு செய்யும்போது, சொந்த இதயத்தை எடுக்காமல் இன்னோர் இதயத்தை வயிற்றுக்குள் பொருத்துகிறார்களாமே. அந்த இதயத்துக்குள் ரத்தம் எந்த வழியாகப் போய்வருகிறது?

பதில்: 1969-ல் ஓனோ, லிண்ட்ஸி என்ற ஆய்வாளர்கள் விவரித்த முறையே இன்றும் அடிப்படை. இரண்டே இணைப்புகள்தான். கொடை இதயத்தின் மகாதமனியை, பெறும் எலியின் வயிற்று மகாதமனியின் பக்கவாட்டில் தைப்பார்கள். அதன் நுரையீரல் தமனியைக் கீழ்ப்பெருஞ்சிரையில் தைப்பார்கள். மேல், கீழ்ப் பெருஞ்சிரைகளையும் நுரையீரல் சிரைகளையும் கட்டி மூடிவிடுவார்கள்.

தைக்கும்போது ரத்தத்தை நிறுத்தியிருந்த கவ்விகளை எடுத்ததும் எலியின் ரத்தம் கொடை மகாதமனிக்குள் எதிர்த்திசையில் பாய்கிறது. மகாதமனி வால்வு மூடியிருப்பதால் அதற்கு மேல் போக வழியில்லை. வால்வுக்குச் சற்று மேலே கிளைக்கும் கரோனரி தமனிகளுக்குள் இறங்கி இதயத் தசைக்கு உணவூட்டுகிறது. பிறகு, இதயத் தசையின் சிரை ரத்தம் வந்து சேரும் கரோனரி சைனஸ் வழியாக வலது மேலறை, வலது கீழறை, நுரையீரல் தமனி, கடைசியில் கீழ்ப்பெருஞ்சிரை. இடது கீழறைக்கு ஏறக்குறைய ரத்தமே வராது. அது துடிக்கும், ஆனால் வெளியேற்ற ஒன்றுமில்லை. சில வாரங்களில் அதன் தசை மெலியும், உள்ளே ரத்தம் உறைவதும் உண்டு. இதை நிராகரிப்பின் (உடலின் எதிர்ப்பு மண்டலம் கொடை இதயத்தைத் தாக்குவதன்) அடையாளம் என்று தவறாகக் கணித்துவிடக் கூடாது.

கேள்வி: கவ்வியை எடுத்தவுடன் இதயம் துடித்துவிட்டால் ரத்த ஓட்டம் சரி என்று கொள்ளலாமா?

பதில்: கூடாது. முதலில் நிறத்தைப் பாருங்கள். தசை முழுவதும் ஒரே சீராகச் சிவக்க வேண்டும். வெளிறித் தளர்ந்து கிடந்தால் மகாதமனி இணைப்பு குறுகியிருக்கலாம், அல்லது கரோனரிக்குள் காற்றுக்குமிழ் போயிருக்கலாம். கறுத்து வீங்கினால் ரத்தம் வெளியேற வழியின்றித் தேங்குகிறது; பெரும்பாலும் நுரையீரல் தமனி முறுக்கிக்கொண்டிருக்கும். இடது கீழறை மட்டும் உப்பினால் மகாதமனி வால்வு கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். இதயத்தை எடுக்கும்போதோ கரைசல் செலுத்தும்போதோ வால்வு இதழில் ஊசி பட்டாலே இது நேரும். உப்பிய அறை தன் உட்புறத் தசையையே நசுக்குவதால், அங்கேதான் ரத்தம் முதலில் குறைகிறது.

எல்லாம் சரியாகத் தெரிந்தாலும் நுண்குழாய்களில் சேதம் இருக்கலாம். ரத்தமில்லாமல் இருந்த நேரத்தில் குழாய்களின் உட்சுவர்ச் செல்கள் வீங்கிவிடும். ரத்தம் திரும்பியதும் வெள்ளணுக்கள் அங்கே ஒட்டி அடைக்கும். பெரிய தமனி திறந்திருக்க, தசையின் சில திட்டுகளுக்கு மட்டும் ரத்தம் சேராது. இதயத்தை 4 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர வைப்பதும், வெட்டி எடுத்ததிலிருந்து தைத்து முடிக்கும்வரையான நேரத்தைக் குறைப்பதும் இதற்காகத்தான்.

பிந்தைய நாட்களில் வயிற்றைத் தொட்டுத் துடிப்புக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் தருவது வழக்கம். எளிது, விலங்குக்கும் துன்பமில்லை. ஆனால் நிராகரிப்பு தொடங்கித் தசை நீர்கோத்து, தந்துகிகள் நசுங்கிய பிறகும் துடிப்பு சில காலம் நன்றாகவே தெரியும். மதிப்பெண் இறங்குவது தாமதமான செய்தி.

கேள்வி: அப்படியானால் ரத்த ஓட்டத்தை எப்படி அளப்பது?

பதில்: நம்பகமான பழைய வழி நுண்மணிகள். சுமார் 15 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள, நிறமோ கதிரியக்கமோ ஏற்றிய மணிகளை எலியின் *சொந்த* இதயத்தின் இடது பக்கத்தில் செலுத்துவார்கள். அவை ரத்தத்தோடு கலந்து, வயிற்று மகாதமனி வழியே கொடை இதயத்துக்கும் போய், தந்துகியைவிடப் பெரியவை என்பதால் அங்கேயே சிக்கிக்கொள்ளும். அதே நேரத்தில் வேறொரு தமனியிலிருந்து பம்ப் மூலம் குறித்த வேகத்தில் ரத்தம் எடுக்க வேண்டும். திசுவிலுள்ள மணிகளை அந்த ரத்த மாதிரியிலுள்ள மணிகளால் வகுத்து, எடுத்த வேகத்தால் பெருக்கினால் ஓட்டம் கிடைக்கும். ஒவ்வொரு துண்டிலும் குறைந்தது 400 மணிகளாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணிக்கைப் பிழையே முடிவை விழுங்கிவிடும்.

ஒப்பீட்டில்தான் பலரும் சறுக்குகிறார்கள். சுமையில்லாத இதயத்துக்கு ஆக்சிஜன் தேவை குறைவு, எனவே ஓட்டமும் குறைவாகவே இருக்கும். சொந்த இதயத்தோடு ஒப்பிட்டால் ஆரோக்கியமான கொடை இதயமும் நோயுற்றதாகத் தெரியும். மரபணு ஒத்திருப்பதால் நிராகரிப்பு நேராத, அதே தூய இனத்து எலியிலிருந்து எடுத்துப் பொருத்திய இதயம்தான் சரியான ஒப்பீடு. ரத்தக் குழாய்களை விரிக்கும் அடினோசின் கொடுத்து ஓட்டம் எவ்வளவு உயர்கிறது என்றும் பார்க்க வேண்டும். ஓய்வில் மறைந்திருக்கும் குறை அப்போது வெளிப்படும்.

கேள்வி: பன்றி இதயத்தைப் பபூன் குரங்குக்குப் பொருத்தினால் சில நிமிடங்களிலேயே நின்றுவிடுமாமே?

பதில்: மரபணு மாற்றாத பன்றி என்றால், நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ நிற்கும். பன்றியின் குழாய்ச் சுவரிலுள்ள ஆல்ஃபா-கேல் என்ற சர்க்கரைக்கு எதிரான எதிர்ப்புரதங்கள் (antibodies) பபூன் ரத்தத்தில் முன்பே உண்டு. அவை ஒட்டியதும் சுவர் சிதைந்து, நுண்குழாய்கள் உறைவால் அடைபடுகின்றன. அந்தச் சர்க்கரையை நீக்கிய பன்றிகளை வைத்து மியூனிக் குழுவினர் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், பபூனின் இதயத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் பொருத்திய பன்றி இதயம் 195 நாள் வரை இயங்கியது. அங்கே பொருத்தும்வரை இதயத்தை வெறுமனே பனியில் வைக்கவில்லை; ஆக்சிஜன் கலந்த கரைசலை 8 டிகிரியில் கரோனரிகளுக்குள் ஓடவிட்டார்கள்.