பயனீட்டாளர் கேள்வி-பதில்: மகரந்தம் சொல்ற ஆப்புக்கு மாசம் 19 வெள்ளியா?

கேள்வி: அண்ணே, நாங்க சுங்கை சிப்புட் பக்கம், வீட்டுக்குப் பின்னாலயே செம்பனை தோட்டம். காலைல எந்திரிச்சா அடுக்கடுக்கா தும்மல், மூக்குல தண்ணியா ஊத்துது. ஃபேஸ்புக்ல ஒரு ஆப் விளம்பரம் வந்துச்சு, நம்ம ஏரியாவுல நாளைக்கு எவ்வளவு மகரந்தம் பறக்கும்னு ஃபோன் காலண்டர்லயே தினமும் போட்டுருமாம். 7 நாள் ஃப்ரீ, அப்புறம் மாசம் 19 வெள்ளி 90 காசு. மக மெல்பர்ன்ல படிக்கிறா, அவளுக்கும் மூக்குத் தொல்லை இருக்கு. ரெண்டு பேருக்கும் சேர்த்து வாங்கலாமா?

பதில்: உங்களுக்கு வேணாம்க்கா. மகளுக்குக் கணிப்பு கண்டிப்பா வேணும், ஆனா அதுக்கும் காசு குடுக்கத் தேவையில்ல.

முதல்ல உங்க கதை. மகரந்தக் கணிப்புங்கிறது குளிர் நாட்டுல பிறந்த சமாச்சாரம், அங்க பிர்ச் மரம்னா வசந்தத்துல, புல்லுன்னா கோடைலன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு சீசன் இருக்கு, ஜெர்மனில வானிலை ஆபீஸே ஹேசல், ஆல்டர், பிர்ச், ஆஷ்னு எட்டு செடிக்கு தனித்தனியா சொல்லுது. நம்மூரு செம்பனை வருஷம் பூரா பூக்குது, அதுல சீசன் எங்க இருந்து வரும்? அதுவும் செம்பனைக்கு காத்தை விட வண்டுதான் முக்கியமான வேலைய பாக்குது. 1981-ல கேமரூன்ல இருந்து ஒரு குட்டி வண்டைக் கொண்டாந்து தோட்டத்துல விட்டாங்க, அதுக்கு முன்ன ஆளுங்களே கையால மகரந்தம் தூவிக்கிட்டு இருந்தாங்க, உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க, அந்த வேலை பாத்தவங்க யாராச்சும் இருப்பாங்க. செம்பனை மகரந்தம் ஒத்துக்காதவங்களும் உண்டு, இல்லைன்னு சொல்லல. ஆனா மரம் எல்லா நாளும் அங்கதான நிக்குது, அதை தினமும் ஒரு நம்பர் போட்டு சொல்ல 19 வெள்ளி எதுக்கு?

அந்த ஆப்புக்கு நம்பர் எங்க இருந்து வருதுன்னும் கேக்கணும் இல்லையா. மெல்பர்ன் மாதிரி ஊர்ல மெஷின் வச்சு காத்தை இழுத்து மகரந்தத்தை நெசமாவே எண்ணுறாங்க. எண்ணாத ஊருக்கு கம்ப்யூட்டர் கணக்கு மட்டும்தான், எந்த மரம் எங்க இருக்கு, காத்து எந்தப் பக்கம்னு வச்சு ஒரு மதிப்பு போடும். ஆப்புக்காரங்களுக்கே ஒரு மெசேஜ் போடுங்க, "எந்தச் செடியோட மகரந்தம், எங்க வச்சு எண்ணுனது?" ரெண்டே கேள்வி. நேரா பதில் வரலைன்னா விட்டுத்தள்ளுங்க.

காலைல எந்திரிச்ச உடனே தும்மல்னு எழுதியிருக்கீங்க பாருங்க, எனக்கு சந்தேகம் தோட்டத்து மேல இல்ல, உங்க மெத்தை மேலதான். டஸ்ட் மைட்னு கண்ணுக்குத் தெரியாத பூச்சி, நம்ம ஊரு ஈரத்துக்கு தலகாணியில நல்லா பெருகும், இந்தப் பக்கம் மூக்கு அலர்ஜிக்கு பெரிய காரணமே அதுதான். பெட்ஷீட், தலகாணி உறைய வாரம் ஒரு தடவ 60 டிகிரி சுடுதண்ணில துவைச்சுப் பாருங்க. கிளினிக்ல சொல்லி தோல்ல குத்திப் பாக்குற அலர்ஜி டெஸ்ட்டுக்கு ரெஃபர் பண்ணச் சொல்லுங்க, டெஸ்ட்டுக்கு சில நாளு முன்னாடியே தும்மல் மாத்திரைய நிறுத்தணும், எத்தனை நாளுன்னு டாக்டரையே கேட்டுக்குங்க.

காலண்டர்ல ஏதாச்சும் போட்டே ஆகணும்னா ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தினமும் காலைல "ஐபியு பாரு"ன்னு, அதாவது காத்து எவ்வளவு கெட்டிருக்குன்னு காட்டுற நம்பரைப் பாக்கச் சொல்லி ஒரு ரிமைண்டர் போடுங்க. புகைமூட்டம் வர்ற மாசம் அதுதான். சுற்றுச்சூழல் இலாகாவோட வெப்சைட்ல மணிக்கொரு தடவ நம்பர் மாறும், ஈப்போல ஸ்டேஷன் இருக்கு, காசு கிடையாது. 50 வரைக்கும் நல்லது, 100 தாண்டுனா உடம்புக்கு ஆகாது. அதுல மகரந்தம் சேராது, புகையும் தூசியும்தான், ஆனா நம்ம மூக்குக்கு அதுதான முக்கியம். கூடவே தும்மல் ஜாஸ்தியா இருக்குற நாளையும் அதே காலண்டர்ல குறிச்சு வைங்க, டாக்டர்கிட்ட காட்டுறதுக்கு எந்த ஆப்பை விடவும் அது உதவும்.

இப்ப மகளுக்கு. இதை கொஞ்சம் சீரியஸா எடுத்துக்குங்க. மெல்பர்ன்ல அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் புல் மகரந்த சீசன். 2016 நவம்பர் 21 அன்னிக்கு சாயங்காலம் இடிமழை அடிச்சப்ப ரை புல்லோட மகரந்தம் உடைஞ்சு பொடியாகி நுரையீரல் வரைக்கும் போயி, ஆயிரக்கணக்கான பேரு மூச்சு விட முடியாம ஆஸ்பத்திரிக்கு ஓடுனாங்க, 10 பேரு செத்துட்டாங்க. பாதிச்சவங்கள்ல இந்திய, ஆசிய வம்சாவளி ஆளுங்க அவங்க தொகைக்கு மீறியே இருந்தாங்க. அதுக்கு முன்ன ஆஸ்துமாவே வராதவங்களும் இருந்தாங்க, வெறும் மூக்கு ஒழுகல்தானேன்னு இருந்தவங்க. அதனால அவளை அங்க ஒரு டாக்டரைப் பாக்கச் சொல்லுங்க, இன்ஹேலர் கைல வேணுமான்னு கேக்கச் சொல்லுங்க.

அங்க சீசன் மூணு மாசமும் அரசாங்கமே விக்எமர்ஜென்சி ஆப்ல இந்த இடிமழை ஆஸ்துமா எச்சரிக்கைய ஃப்ரீயா குடுக்குது. அதை இறக்கி நோட்டிஃபிகேஷனை ஆன் பண்ணி வைக்கட்டும். காலண்டரை மட்டும் நம்பி இருக்கக் கூடாது, ஏன்னா லிங்க் போட்டு சேக்குற காலண்டர் உடனுக்குடன் மாறாது, கூகுள் காலண்டர்ல மாத்தம் தெரிய 12 மணி நேரம் வரைக்கும் ஆகும்னு அவங்களே சொல்றாங்க. மத்தியானம் குடுத்த எச்சரிக்கை நடுராத்திரி வந்து என்ன பண்றது? சீசன் தேதி, மருந்து ஆரம்பிக்கிற நாளு, இன்ஹேலர் காலாவதி, இதெல்லாம் காலண்டர்ல இருக்கட்டும், அவசரம் வேற வழியா வரட்டும்.

கேள்வி: நான் ஏற்கனவே அந்த ஃப்ரீ ட்ரையல்ல சேந்துட்டேன் அண்ணே, ஆப்பை அழிச்சிட்டா போதும்ல?

பதில்: போதாது தம்பி, காசு போய்க்கிட்டேதான் இருக்கும். ஆண்ட்ராய்டுன்னா பிளே ஸ்டோர்ல உங்க படத்தைத் தட்டி சப்ஸ்கிரிப்ஷன்ல போயி கேன்சல் பண்ணுங்க. ஐஃபோன்னா செட்டிங்ஸ்ல மேல உங்க பேரைத் தட்டுனா சப்ஸ்கிரிப்ஷன் இருக்கும், ட்ரையல் முடியுறதுக்கு 24 மணி நேரத்துக்கு முன்னயே பண்ணிடணும். காசு எடுத்துட்டாங்கன்னா முதல்ல அந்த ஸ்டோர்லயே ரீஃபண்ட் கேளுங்க. பயனீட்டாளர் தீர்ப்பாயம்னு ஒண்ணு இருக்கு, 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரைக்கும் கேஸ் போடலாம், ஆனா கம்பெனி ஏதோ வெளிநாட்டுல இருந்தா 19 வெள்ளிக்காக அவனை இழுத்துட்டு வர்றது நடக்குற காரியமா?

இன்னொண்ணு, ஆப் காலண்டர் பெர்மிஷன் கேட்டுச்சா? குடுத்திருந்தா உங்க ஆஸ்பத்திரி அப்பாயின்மென்ட்ல இருந்து கல்யாண தேதி வரைக்கும் அது படிக்கலாம், அதையும் மறக்காம எடுத்து விடுங்க. வெறும் லிங்க்கா சேத்தா அது ஒருவழிதான், அவங்க எழுதுறது உங்களுக்குத் தெரியும், உங்களோடது அவங்களுக்குத் தெரியாது.

கேள்வி: ஏதோ லிங்க்கைத் தட்டுனதுல இருந்து ஐஃபோன் காலண்டர் பூரா "உங்க ஃபோன்ல வைரஸ்"னு வருது, கடையில 80 வெள்ளி கேக்குறாங்க சுத்தம் பண்ண.

பதில்: குடுக்காதீங்க. உங்களுக்குத் தெரியாம ஒரு காலண்டர் சேந்துருக்கு, அவ்ளோதான். காலண்டர் ஆப்ல கீழ "காலண்டர்ஸ்" தட்டி, தெரியாத பேரு பக்கத்துல இருக்குற ஐ (i) குறியத் தட்டி அழிச்சிடுங்க. அந்த மெசேஜுக்குள்ள இருக்குற லிங்க்கை மட்டும் தொட்டுடாதீங்க.