ரப்பர் புஷ்ஷுக்குப் பதில் ஸ்பெரிக்கல் பேரிங்: எங்கே போடலாம், எங்கே கூடாது?

கேள்வி: என் காரில் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம்களின் புஷ் நான்கும் கிழிந்துவிட்டன. எப்படியும் மாற்றத்தான் வேண்டும். ஸ்பெரிக்கல் பேரிங் போட்டால் ஸ்டீயரிங் கூர்மையாகும், ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்கிறார்கள். தினமும் ஓட்டும் கார். போடலாமா?

பதில்: ஸ்டீயரிங் கூர்மையாகும் என்பது உண்மை. ஆயுசுக்கும் வரும் என்பது தவறு. தினசரி ஓட்டத்தில் நல்ல ரப்பர் புஷ்தான் அதிக நாள் தாங்கும்.

ரப்பர் புஷ்ஷில் நடுவே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஒரு கூடு, இரண்டுக்கும் இடையில் ஒட்டி வார்த்த ரப்பர். ஆர்ம் மேலும் கீழும் போகும்போது அங்கே எதுவும் உராய்வதில்லை. ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்ப அவிழ்கிறது, அவ்வளவுதான். அதனால் கிரீஸ் தேவையில்லை, தூசியும் தண்ணீரும் உள்ளே போய்க் கெடுக்க வழியில்லை. பள்ளத்தில் இறங்கும் சக்கரம் சற்றே பின்னால் நகர இடம் கொடுப்பதும், டயர் இரைச்சலை பாடிக்குப் போகாமல் தடுப்பதும் அதே ரப்பர்தான். ஸ்பெரிக்கல் பேரிங் என்பது ஓர் எஃகுக் குண்டும் அதைக் கவ்விய வளையமும். நல்ல வகையில் இரண்டுக்கும் இடையே மெல்லிய டெஃப்லான் லைனிங் இருக்கும். குண்டு சுழலும், சாயும், ஆனால் இடம்விட்டு நகராது. சக்கரத்தின் கோணம் துல்லியமாக நிற்பது அதனால்தான். பள்ளத்தின் அடி முழுவதும் பிராக்கெட்டுக்கும், ஆர்ம்கள் மாட்டும் அடிச்சட்டமான சப்ஃப்ரேமுக்கும் போவதும் அதனால்தான். லைனிங் தேயத் தேய ஆட்டம் வரும்.

உங்கள் காருக்கு என் பதில்: நான்கிலும் கம்பெனி ரப்பரையே போடுங்கள். கிழிந்த புஷ்ஷோடு ஓட்டிப் பழகியவருக்குப் புது ரப்பரே பெரிய மாற்றமாகத் தெரியும். பழையவை ஏன் சீக்கிரம் போயின என்றும் பாருங்கள். காரை லிஃப்டில் ஏற்றி, சக்கரம் தொங்கும் நிலையில் புஷ் போல்ட்டை முறுக்கியிருந்தால், கார் தரையில் நின்றதுமே ரப்பர் முறுக்கிக்கொள்ளும். ஓடும் நேரம் முழுக்க அந்த இழுவிசையிலேயே இருந்து கிழியும். போல்ட்டைக் கையால் மட்டும் ஏற்றி, காரின் எடை சக்கரத்தில் நிற்கும்போது கடைசி முறுக்கு கொடுக்கச் சொல்லுங்கள். இந்த ஒன்றைச் சரியாகச் செய்யாததால்தான் பல நல்ல புஷ்கள் வீணாகின்றன.

கேள்வி: என்னுடையது பெரும்பாலும் டிராக்கில் ஓடும் கார். எல்லாப் புஷ்ஷையும் ஒரே நேரத்தில் மாற்றலாமா? இல்லை, எங்கே தொடங்குவது?

பதில்: ஒவ்வோர் இடத்திலும் ஆர்ம் எப்படி அசைகிறது என்று பார்த்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் கை வைக்க வேண்டியது பின் சக்கரத்தின் டோவை, அதாவது சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் கோணத்தை, பிடிக்கும் இணைப்புகளில். அங்கே ரப்பர் ஒரு மில்லிமீட்டர் நசுங்கினாலும் கார் வளைவில் வேறு திசை பார்க்கும். அடுத்து, சக்கரத்தை முன்பக்கத்திலிருந்து பிடிக்கும் நீளவாக்கு டிரெய்லிங் ஆர்ம். 1990களின் ஹோண்டா சிவிக், பிஎம்டபிள்யூ இ46 போன்றவற்றில் பின் டிரெய்லிங் ஆர்மின் முன்முனையில் ஒரே ஒரு பெரிய புஷ் இருக்கும். பக்கவாட்டு இணைப்புகள் தம் வட்டத்தில் இழுப்பதால் அந்த ஆர்ம் மேலும் கீழும் மட்டும் போகாது, பக்கவாட்டிலும் சாயும். ரப்பர் அதற்கு இடம் கொடுக்கும். கடினமான பாலியூரித்தேன் புஷ் கொடுக்காது, சஸ்பென்ஷன் இறுகிக்கொள்ளும். ரப்பரை எடுத்தே ஆக வேண்டுமென்றால் அங்கே ஸ்பெரிக்கல்தான் சரி.

முன் லோயர் ஆர்ம் ‘எல்’ வடிவத்தில் இருந்தால் அதன் பின்புஷ்ஷைக் கவனியுங்கள். பல கார்களில் இதன் போல்ட் நெட்டுக்குத்தாக நிற்கும். அங்கே ஸ்பெரிக்கல் போட்டால் மேல்-கீழ் சுமை, குண்டை வளையத்திலிருந்து பிதுக்கித் தள்ளும் திசையில் விழும். அந்தத் திசையில் பேரிங்கின் தாங்கு திறன், குறுக்குத் திசையில் இருப்பதில் ஒரு சிறு பங்குதான். பேரிங்கைப் பிடித்துவைக்கும் அமைப்பு அங்கே மிக உறுதியாக இருக்க வேண்டும்.

தவறவே கூடாத ஓர் இடம் உண்டு. சில கார்களில் ஸ்பிரிங் ஒரு தனி ஆர்மின் மேல் உட்கார்ந்திருக்கும், அந்த ஆர்முக்கு இரு முனையிலும் ஒவ்வொரு புஷ்தான் இருக்கும். ஆர்ம் தன் நீள அச்சில் உருளாமல் பிடித்திருப்பது அந்தப் புஷ்களின் நீளமான உருளை வடிவமே. இரண்டையும் குண்டாக மாற்றினால், ஸ்பிரிங்கின் சுமை சற்று மையம் விலகினாலும் ஆர்ம் ஒரு பக்கமாகச் சரியும். ஒரு முனையிலாவது உருளை வடிவ புஷ் இருக்கட்டும்.

இரு பின் சக்கரங்களையும் ஒரே முறுக்குத் தண்டால் இணைக்கும் ட்விஸ்ட் பீம் பின் அச்சை அப்படியே விடுங்கள். பல கார்களில் அதன் புஷ்களைச் சாய்வாக வைத்திருப்பதே, வளைவில் அச்சு தவறான பக்கம் திரும்பாமல் இருக்கத்தான். வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்டி-ரோல் பாரின் ‘டி’ புஷ்ஷுக்கும் இந்தச் செலவு வீண்.

கேள்வி: கிட் விளம்பரங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பதில்: உள்ளே இருக்கும் பேரிங்கின் எண்ணை. அதைச் சொல்ல மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். லைனிங் தேய்ந்த பிறகு பேரிங்கை மட்டும் தள்ளி எடுத்து மாற்ற முடிய வேண்டும். இல்லையென்றால் பேரிங் உட்காரும் கூட்டோடு முழு கிட்டையும் திரும்ப வாங்க வேண்டிவரும்.

லைனிங் இருக்கிறதா என்பது அடுத்தது. 12 மி.மீ. துளை, 22 மி.மீ. வெளிவிட்டம் கொண்ட ஜிஇ 12 பேரிங் எங்கும் கிடைக்கும். ஆனால் அதன் எஃகோடு எஃகு உரசும் வகை ஹைட்ராலிக் சிலிண்டர் போன்ற இயந்திரங்களுக்கானது. மசகு தங்குவதற்காகவே அதில் நூறில் சில பங்கு மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருப்பார்கள். காரில் அது முதல் நாளிலிருந்தே தட்டும். அதே அளவில் டெஃப்லான் லைனிங்கோடும் கிடைக்கிறது. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளில்தான் வித்தியாசம்.

பிறகு அளவுகள். அங்குல அளவு பேரிங்கின் அரை அங்குலத் துளை 12.7 மி.மீ. உங்கள் போல்ட் 12 மி.மீ. என்றால் 0.7 மி.மீ. ஆட்டத்தையும் சேர்த்து வாங்குகிறீர்கள். அந்த இடைவெளியை நிரப்பும் சரியான ஸ்லீவ் கிட்டிலேயே வர வேண்டும். அகலமும் அப்படித்தான். பழைய புஷ்ஷின் உள்குழாய் 60 மி.மீ. நீளம் என்றால், குண்டும் இரு பக்க ஸ்பேசரும் சேர்ந்து அதே 60 இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் போல்ட்டை முறுக்கும்போது பிராக்கெட் காது உள்ளே வளையும், நாளடைவில் அங்கே விரிசல் விடும். கார் மழையிலும் மண்ணிலும் ஓடுமென்றால் இரு பக்கமும் ரப்பர் சீல் உள்ளதாகப் பாருங்கள். திறந்த பேரிங்கின் லைனிங்கை மண் அரைத்துத் தின்றுவிடும்.

கேள்வி: பிரஸ் இருக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துப் போடப் போகிறேன். எந்தெந்த வேலையில் தவறு நடக்கும்?

பதில்: கழற்றுவதிலேயே தொடங்கும். பழைய புஷ்ஷை வெளியே தள்ளும் முன், ஆர்மின் விளிம்பிலிருந்து உள்குழாயின் இரு முனைகளும் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். புதுக் குண்டின் மையம் அந்தக் குழாயின் மையத்தில்தான் வர வேண்டும். ரப்பரைத் தீ வைத்து எரித்து எடுக்க விடாதீர்கள். புகை நச்சு, அலுமினிய ஆர்ம் என்றால் உலோகத்தின் பலமும் குறையும். வெளிக்கூட்டை ரம்பத்தால் அறுத்து எடுப்பவர்கள், ஆர்மின் துளையில் கீறல் விழும் முன் நிறுத்த வேண்டும். அந்தக் கீறலிலிருந்துதான் ஆர்ம் பிளக்கும்.

துளையைச் சுத்தம் செய்து மூன்று ஆழங்களில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக அளக்கச் சொல்லுங்கள். தகட்டை அழுத்திச் செய்த ஆர்ம்களில் துளை நீள்வட்டமாகிப் போயிருப்பது சகஜம். கூடு ஆர்முக்குள் இறுக்கமாக இருக்க வேண்டும்: 40 மி.மீ. துளையைவிடக் கூடு 0.03 முதல் 0.05 மி.மீ. வரை பெரிதாக. ஆனால் கூட்டுக்குள் பேரிங் அந்த அளவு இறுகக் கூடாது. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் போதும், மீதியை, பேரிங் வெளியே வராமல் பிடிக்கும் சர்க்கிளிப் வளையம் பார்த்துக்கொள்ளும். அதிகம் இறுகினால் வெளிவளையம் குண்டை நெரிக்கும், லைனிங் சில வாரங்களிலேயே போய்விடும். இதற்கு ஃப்ரீசர் உதவும். 30 மி.மீ. எஃகு வளையம் 45 டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய 0.015 மி.மீ. சுருங்கும், அடிக்காமலே உள்ளே போகும். பிரஸ்ஸின் அழுத்தம் வெளிவளையத்தில் மட்டும் விழ வேண்டும். குண்டின் மேல் ஒருமுறை அழுத்தினாலும் அந்த பேரிங்கைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். சர்க்கிளிப்பின் கூரான விளிம்பு பேரிங்குக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும்.

ஸ்பிரிங்கைக் கழற்றிய நிலையில் ஆர்மை ஜாக்கியால் முழு உயரத்துக்கும் முழுத் தாழ்வுக்கும் நகர்த்திப் பாருங்கள். எந்த நிலையிலும் ஸ்பேசர் கூட்டின் விளிம்பில் இடிக்கக் கூடாது. இடித்தால் அது நெம்புகோலாக வேலை செய்து போல்ட்டை முறித்துவிடும். கடைசியாக, கார் தயாரிப்பாளர் சொல்லும் டார்க்கில் (முறுக்கு அளவில்) முறுக்கி, அலைன்மென்ட் பார்க்க வேண்டும். எடை சக்கரத்தில் நிற்கும்போதுதான் முறுக்க வேண்டும் என்ற விதி ஸ்பெரிக்கலுக்கு இல்லை. ஆனால் அதே ஆர்மின் மறுமுனையில் ரப்பர் இருந்தால் அந்தப் போல்ட்டுக்கு அது அப்படியே பொருந்தும்.

கேள்வி: மூன்று மாதத்தில் ‘டக் டக்’ என்று சத்தம். பேரிங் போய்விட்டதா? கிரீஸ் அடித்தால் நிற்குமா?

பதில்: டெஃப்லான் லைனிங் உள்ளதற்கு கிரீஸ் அடிக்காதீர்கள். அது மண்ணை இழுத்துப் பிடித்துவைக்கும், லைனிங் தானே பூசிக்கொள்ளும் மசகுப் படலத்தையும் கெடுக்கும். துடைத்து உலர்வாக வைத்தால் போதும்.

பேரிங்கைக் குறை சொல்லும் முன் போல்ட்டின் டார்க்கைப் பாருங்கள். அது தளர்ந்திருந்தால் குண்டு சுழல்வதற்குப் பதில் போல்ட் மேலேயே ஸ்பேசர் சுழன்று தட்டும். அது சரியாக இருந்தால், சக்கரத்தைத் தூக்கி ஆர்மை நெம்புகோலால் அசையுங்கள், இன்னொருவர் விரலை வைத்துப் பார்க்கட்டும். கூட்டுக்கும் ஆர்முக்கும் நடுவே அசைவு தெரிந்தால் துளை பெரிதாகிவிட்டது. குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவே தெரிந்தால் பேரிங்கை மாற்ற வேண்டும். எங்கும் இல்லையென்றால் ஷாக் மவுன்ட்டையும் பால் ஜாயின்ட்டையும் சோதியுங்கள். முன்பு ரப்பர் விழுங்கிய அவற்றின் சத்தம் இப்போது நேராகக் காதுக்கு வருகிறது.

கேள்வி: ராட் எண்டும் இதுவும் ஒன்றுதானே? விலையும் குறைவாக இருக்கிறதே.

பதில்: குண்டு ஒன்றுதான், பிடிக்கும் விதம் வேறு. ராட் எண்டில் மறையிட்ட தண்டு உண்டு. இழுப்பையும் தள்ளுவதையும் அது தாங்கும், வளைக்கும் சுமை வந்தால் முதல் மறையில் முறியும். நீளம் மாற்றவேண்டிய நேரான இணைப்புகளுக்குப் பொருத்தம். ஷாக் அல்லது ஸ்பிரிங் உட்காரும் ஆர்மின் முனையில் வேண்டாம்.