நம் உள்ளுணர்வே நம்மைக் கைவிடும்போது, கடவுள் காட்டும் வழியை எப்படி நம்புவது?

கேள்வி கேட்டவர் கூடவே இதையும் எழுதியிருக்கிறார்: மனசு சொன்னதைக் கேட்டு ஏமாந்தாயிற்று, இனி கடவுளிடம் விட்டுவிடலாம் என்றால், அவர் சொல்வது எது, என் மனசு சொல்வது எது என்று எப்படிப் பிரிப்பது?

நியாயமான சந்தேகம். "சாமி சொல்லிருச்சு" என்று சொல்லிக்கொண்டு தனக்குப் பிடித்ததையே செய்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நான் பார்ப்பது ஒன்றைத்தான். எனக்குப் பிடிக்காத பதிலும் வரக்கூடிய இடத்தில் போய்க் கேட்கிறேனா, இல்லை தலையாட்டுவதற்கு ஆள் தேடுகிறேனா?

பெரியபுராணத்தில் சுந்தரர் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதில் நடக்கும் வழக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மணக்கோலத்தில் புத்தூர்ப் பந்தலில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கிழவர், சுந்தரருடைய பாட்டனார் எழுதிக் கொடுத்தது என்று ஓர் ஓலையோடு வந்து, "நீ எனக்கு அடிமை" என்கிறார். அந்த நேரத்தில் யாருக்குமே என்ன தோன்றும்? பைத்தியம் என்றுதான். சுந்தரரும் "பித்தனோ" என்று கேட்டுவிட்டு, துரத்திப் பிடித்து ஓலையைக் கிழித்தே போட்டுவிடுகிறார். அவர் மனசு அவ்வளவு உறுதியாக இருந்தது. உறுதியாக இருந்ததே தவிர, சரியாக இல்லை.

அடுத்து நடப்பதுதான் எனக்கு முக்கியம். கிழவர் சாபம் கொடுக்கவில்லை, மின்னலடித்து மிரட்டவில்லை. வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. கிழித்தது படியோலைதான், மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று எடுத்து நீட்டுகிறார். சபையார் அதையும் அப்படியே ஏற்கவில்லை. சுந்தரருடைய பாட்டனார் எழுதிய வேறொரு ஓலையை வரவழைத்து, இரண்டு கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான், சுந்தரர் அடிமைதான் என்று தீர்ப்பு. வந்தவர் சிவபெருமான் என்பது அதுவரை அங்கே யாருக்கும் தெரியாது. கடவுளே வந்து கேட்டாலும் சாட்சியும் ஆவணமும் வேண்டும் என்கிற சபையைச் சேக்கிழார் எந்தக் கூச்சமும் இல்லாமல் காட்டுகிறார். சந்தேகப்படுவது பக்திக் குறைவு என்று சொல்கிறவர்கள் அந்தப் பகுதியை ஒருமுறை திரும்பப் படிக்கலாம்.

எங்கள் காங்கேயம் பக்கத்திலும் இதே பழக்கம் வேறு விதமாக இருக்கிறது. சிவன்மலை சுப்பிரமணிய சுவாமி கோயிலில் உள்ள ஆண்டவன் உத்தரவுப் பெட்டியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பக்தர் ஒருவர் கனவில் ஆண்டவர் வந்து ஒரு பொருளைச் சொல்வார், அது கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்படும், அடுத்த உத்தரவு வரும்வரை அங்கேயே இருக்கும். தண்ணீர் வைத்தார்கள், சுனாமி வந்தது என்பது போன்ற பேச்செல்லாம் நடந்து முடிந்த பிறகு கோத்துக்கொள்வது. அதில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. ஆனால் கனவு வந்தது என்று ஒருவர் போய்ச் சொன்னதும் தூக்கி உள்ளே வைத்துவிட மாட்டார்கள். சாமி முன்னால் பூ கேட்டு, வெள்ளைப் பூ வந்தால்தான் வைப்பார்கள். கனவு கண்டவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் மனசு மட்டும் போதாது.

பூ கேட்பதைப் பார்க்காதவர்களுக்கு: வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் ஒரே அளவில் தனித்தனிப் பொட்டலமாக மடித்து, சாமி முன்னால் போட்டு, சின்னக் குழந்தை யாரையாவது விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எங்கள் குலதெய்வக் கோயிலில், எந்தப் பூ வந்தால் என்ன செய்வோம் என்பதை எடுப்பதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

அப்பா தவறிய பிறகு, தோட்டத்தை விற்றுவிட்டுத் திருப்பூரோடு போய்விடலாம் என்று அண்ணனும் நானும் பேசி முடித்துவிட்டோம். கிணற்று மேட்டைப் பார்த்தாலே அப்பா ஞாபகம், இருக்கவே பிடிக்கவில்லை. அம்மா மறுக்கவில்லை. "தலைத்திவசம் முடியட்டும் கண்ணு, அப்புறம் பூ கேட்டுக்கலாம்" என்றார்கள், அவ்வளவுதான். துக்கத்தில் இருக்கும்போது வருகிற முடிவு துக்கத்தின் முடிவு. கடவுளின் வழிகாட்டுதல் பல நேரம் "இப்போது வேண்டாம்" என்பதாகத்தான் இருக்கிறது. வருஷம் திரும்பிப் போய்க் கேட்டோம். சிவப்பு. அண்ணனுக்கு முகமே மாறிவிட்டது. "இன்னொருக்கா கேட்டுப் பாக்கலாமுங்களா?" என்றார். பூசாரி பூவை எடுத்து வைத்துக்கொண்டே, "கேட்டாச்சுங்களே" என்று மட்டும் சொன்னார்.

விற்கவில்லை. விற்றிருந்தால் நன்றாக இருந்திருப்போமா என்று யாராலும் சொல்ல முடியாது. அண்ணன் இன்றைக்கும் விற்றிருக்கலாம் என்றுதான் சொல்கிறார். பூ பலித்தது என்று நிரூபிக்க நான் இதைச் சொல்லவில்லை. அந்த ஒரு வருஷக் காத்திருப்பில், ஓடிப்போக நினைத்த மனசு அடங்கிவிட்டது. சிவப்பு வந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. விற்கலாம் என்று முதலில் தோன்றியது உள்ளுணர்வே இல்லை, வெறும் வலி என்பது அப்போதுதான் தெரிந்தது.

உள்ளுணர்வை ஒட்டுமொத்தமாக ஒதுக்கவும் வேண்டாம். மாடு முகத்தைப் பார்த்தே நோய் சொல்கிற ஆட்கள் எங்கள் ஊரில் உண்டு; அது பல வருஷப் பழக்கத்தில் வந்த அறிவு. ஆசை, பயம், அவமானம் மூன்றில் ஒன்று உள்ளே புகுந்துவிட்டால்தான் அது கெடுகிறது. அப்போது கொஞ்சம் தள்ளிப் போடுங்கள், உங்கள் முடிவால் ஆதாயமோ நட்டமோ இல்லாத பெரியவர் ஒருவரிடம் பேசுங்கள், கும்பிடும்போது "இதைக் கொடு" என்று கேட்காமல் "எது சரி" என்று கேளுங்கள். ஒரு பதில் வந்தபின் பிடிக்கவில்லை என்று அடுத்த கோயிலுக்குப் போகாதீர்கள். ஜோசியர் மாற்றி ஜோசியர் போகிற கதைதான் அது.

எல்லாவற்றுக்கும் பூ கேட்க வேண்டியதில்லை. சொந்தத்தில் ஒருவருக்கு ஆபரேஷன் செய்யச் சொன்னபோது, கோயிலுக்குப் போய்க் கேட்டுவிட்டு வரட்டுமா என்று அம்மாவிடம் கேட்டார்கள். "டாக்டரு படிச்சுப்போட்டுச் சொல்றாரு, அதுக்கு எதுக்குச் சாமியத் தொந்தரவு பண்றீங்க?" என்று அனுப்பிவிட்டார்கள்.