குறைந்த காசில் நேசறிப் பிள்ளையின் சாப்பாடு: கேள்வி பதில்

இரண்டு வயது தொடக்கம் ஐந்து வயது வரையான பிள்ளைகளின் சாப்பாடு பற்றி யாழ்ப்பாணத்துப் பெற்றோர் கேட்ட கேள்விகளுக்கு, குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவர் தரும் பதில்கள்.

மகனுக்கு மூன்றரை வயது. சோறு தீத்தப் போனால் வாயைப் பொத்துறான். போன் காட்டினால்தான் நாலு வாய் இறங்குது. என்ன செய்யிறது அக்கா? (குருநகர்)

தங்கச்சி, மத்தியானச் சோற்றைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு, அதற்கு முதல் இரண்டு மணித்தியாலத்தில் அவனுடைய வாய்க்குள் என்னென்ன போனது என்று ஒருநாள் எழுதிப் பாருங்கள். பத்து மணிக்கு இரண்டு பிஸ்கட், பிறகு அரைக் கப் பிளேன்டீ, அழுதான் என்று கடையில் ஒரு பைக்கற் முறுக்கு. அநேகமான வீட்டுக் கதை இதுதான். பசி இல்லாத பிள்ளைக்கு எந்தக் கறியும் ருசிக்காது.

மூன்று நேரச் சாப்பாடு, நடுவில் இரண்டு சிற்றுண்டி. இடைப்பட்ட நேரத்தில் தண்ணீர் மட்டும். என்ன சமைப்பது, எத்தனை மணிக்குக் கொடுப்பது என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பதை அவனிடம் விட்டுவிடுங்கள். முதல் சில நாள் அழுவான், நீங்களும் சேர்ந்து அழுவீர்கள். அப்போது இரக்கப்பட்டு பிஸ்கட்டை எடுத்தால் திரும்பவும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அளவையும் யோசியுங்கள். ஒரு வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்பது ஒரு பழைய கணக்கு. அதாவது மூன்று கரண்டி சோறு, மூன்று கரண்டி பருப்பு, மூன்று கரண்டி மரக்கறி என்று தொடங்கி, கேட்டால் இன்னும் போடலாம். பெரிய கோப்பையில் குவித்து வைத்தால் பார்த்தவுடனே பயந்துவிடும். போனை நிறுத்தி, உங்களோடு பக்கத்தில் இருத்தி, தன் கையாலேயே சாப்பிட விடுங்கள். சிந்தட்டும், கூட்டித் துடைக்கலாம்.

இவர் கூலி வேலை. அரசாங்கம் தாற அஸ்வெசும உதவிக் காசும் கடனுக்கே போகுது. மீன், முட்டை எல்லாம் எப்பிடி ஒவ்வொரு நாளும் குடுக்கிறது? (சுன்னாகம்)

ஒவ்வொரு நாளும் வேண்டியதில்லை. சோற்றோடு பருப்பு, பயறு, கௌபி, கடலை ஏதாவது ஒன்று சேர்ந்தாலே உடம்பு வளரத் தேவையான புரதம் கிடைக்கும். மீன் வாங்கினால் பெரிய மீனில்தான் சத்து என்று நினைக்காமல் சூடை, கீரி, நெத்தலி மாதிரிச் சின்ன மீன் வாங்குங்கள். பிள்ளைக்குக் கொடுக்கும்போது முள்ளை விரலால் தடவிப் பார்த்து எடுத்துவிட்டுப் பிசையுங்கள். நெத்தலிக் கருவாடு என்றால் உப்புப் போக ஊறவைத்துக் கழுவ வேண்டும். ஒரு முட்டை இருந்தால் முருங்கையிலையோடு வறுத்துப் புட்டில் கலந்துவிடுங்கள், வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குப் போதும்.

முருங்கையிலை வேலியில் சும்மா நிற்கிறது. அதில் இரும்புச்சத்தும் இருக்கிறது, கண்ணுக்குத் தேவையான விற்றமின் ஏயாக மாறும் சத்தும் இருக்கிறது. தேங்காய்ப்பூப் போட்டு வறையாகச் செய்தால் அந்தக் கொழுப்போடு விற்றமின் ஏ நன்றாக உடம்பில் சேரும். இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி விட்டால் இரும்புச்சத்தும் கூடச் சேரும். ஆனால் சாப்பாட்டோடு தேத்தண்ணி கொடுத்தால் அதில் ஒரு பகுதியைத் தேயிலைச் சாயம் தடுத்துவிடும். இந்த வயதில் தேத்தண்ணியே வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

நேசறியில மற்றப் பிள்ளையள் எல்லாம் மோல்ட் குடிக்கினம். எங்களால வாங்க ஏலாது. பிள்ளைக்குக் குறையாகப் போகுமா?

போகாது. விளம்பரத்தைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். அந்த மாவில் சீனி நிறைய உண்டு. குரக்கன், பயறு, உழுந்தை வறுத்து அரைத்து வைத்தால் கஞ்சியும் காய்ச்சலாம், களியும் கிண்டலாம்.

கீரை என்றாலே துப்புறாள். விட்டுவிடலாமா? (ஒரு அப்பா, வேலணை)

விடாதீர்கள் தம்பி, வற்புறுத்தவும் வேண்டாம். ஒரு புதுச் சுவை பிடிக்கப் பத்துப் பதினைந்து தரம்கூடக் கொடுத்துப் பார்க்க வேண்டி வரலாம். ஒரு சின்னக் கரண்டி வைத்துவிட்டு நீங்கள் உங்கள் பங்கைச் சாப்பிடுங்கள். அப்பா கீரையை ஒதுக்கினால் பிள்ளையும் ஒதுக்கும். இலை உருவுகிற வேலையை அவளிடம் கொடுங்கள், பிள்ளைகளுக்கு அது நல்ல விருப்பம். “கீரை சாப்பிட்டால் ரொபி தருவன்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கீரை தண்டனை, ரொபி பரிசு என்று பதிந்துவிடும்.

பேரனுக்குப் பிஸ்கட் குடுத்தால் மகள் என்னை ஏசுறாள். பிள்ளை ஆசையாய்க் கேக்கேக்க என்னத்தைக் குடுக்க? (சாவகச்சேரி)

அம்மா, உங்களுக்குத் தெரிந்த சாப்பாட்டைக் கொடுங்கள். உளுத்தங்களி, பயற்றங்கஞ்சி, அவித்த கடலை மசித்தது, இலைக்கஞ்சி, அவித்த பனங்கிழங்கை நார் எடுத்து இடித்துத் தேங்காய்ப்பூப் போட்டது. பனங்காய்க் களியின் அந்த மஞ்சள் நிறத்திலும் முருங்கையிலையில் சொன்ன விற்றமின் ஏச் சத்து இருக்கிறது. வளவில் பப்பாப்பழம் இருந்தால் அதைவிட நல்ல சிற்றுண்டி தேட வேண்டாம். ஒடியல் கூழ் கொடுப்பதென்றால் நீங்கள் செய்கிற மாதிரியே மாவை ஊறவைத்துத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காய்ச்சுங்கள், உறைப்பைக் குறையுங்கள். முழுக் கச்சான் மட்டும் ஐந்து வயது வரை வேண்டாம், தொண்டையில் அடைக்கும். மகளும் நீங்களும் ஒரே நேர ஒழுங்கை வைத்திருந்தால் ஏச்சும் நிற்கும்.

கிளினிக்கில திரிபோசா சத்துமா கிடைச்சால் வீட்டில எல்லாப் பிள்ளையளும் பங்கு போடுதுகள். பிழையா?

பசியில் பங்கு போடுவதை எப்படிப் பிழை என்று சொல்வது? ஆனால் சோளம், சோயாவோடு விற்றமின்களும் கனியுப்புகளும் சேர்த்த அந்த மா, நிறை குறைந்த பிள்ளைக்கு மருந்து மாதிரி. அந்தப் பிள்ளையின் பங்கை முதலில் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே பதப்படுத்திய மா என்றபடியால் நெடுநேரம் காய்ச்சத் தேவையில்லை. தேங்காய்ப்பூவும் கொஞ்சம் சீனியும் சேர்த்து உருட்டிக் கொடுக்கலாம். மற்றப் பிள்ளைகளுக்கும் போதவில்லை என்றால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

நேசறியில சில பிள்ளையள் றோல்ஸ் கொண்டுவருதுகள், சிலது வெறும் பாண். பெட்டியைத் திறக்கவே கூச்சப்படுகுதுகள். (ஒரு ரீச்சர்)

பெற்றோரைக் கூப்பிட்டுக் கதைத்து, கிழமை நாளுக்கு ஒரு சாப்பாடு என்று எல்லாருக்கும் பொதுவாக எழுதி ஒட்டுங்கள்: திங்கள் கடலை, செவ்வாய் இலைக்கஞ்சி, புதன் பயறு என்று. ஆகக் குறைந்த வருமானமுள்ள வீட்டுக்குக் கட்டுப்படியாகிற சாப்பாட்டை வைத்தே பட்டியல் போட வேண்டும். எல்லாப் பெட்டியிலும் ஒரே சாப்பாடு என்றால் கூச்சம் இராது.

மகள் மண் தின்னுறாள். ஏசியும் கேக்கிறாள் இல்லை. முகமும் வெளிறிக் கிடக்கு.

ஏச வேண்டாம் பிள்ளை. மண் தின்பது இரத்தச்சோகையின் அறிகுறியாக இருக்கலாம். பூச்சித் தொல்லையும் சேர்ந்திருக்கலாம். பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துக் கடைசியாக எப்போது நிறை பார்த்தது, பூச்சி மருந்தும் விற்றமின் ஏயும் எப்போது கொடுத்தது என்று பாருங்கள். இரண்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டியவை. அடுத்த கிளினிக் வரும்வரை காத்திராமல், பதிவேட்டோடு இந்தக் கிழமையே பக்கத்து அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் இரத்தம் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. இரும்புச்சத்து மருந்தை டொக்டர் சொன்ன அளவில் மட்டும் கொடுங்கள். போத்தலைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், கூடக் குடித்தால் ஆபத்து.