கேஸ் டிடெக்டர் பேனலில் ‘கம்யூனிகேஷன் ஃபால்ட்’ வந்து வந்து போகிறது, பேனலுக்குள் இருக்கும் கம்யூனிகேஷன் கார்டை மாற்றியும் தீரவில்லை. எங்கிருந்து தேடுவது?

முதலில் கார்டு மாற்றுவதை நிறுத்துங்கள். நிரந்தரமாகச் செத்த லைன் என்றால் கார்டைச் சந்தேகிக்கலாம். வந்து வந்து போகும் ஃபால்ட் என்றால் கோளாறு பெரும்பாலும் பேனலுக்கு வெளியே, கேபிளிலோ ஜங்ஷன் பாக்ஸிலோதான் இருக்கும்.

லைனில் கை வைக்கும் முன் இன்னொன்றைப் பாருங்கள். தொடர்பு அறுந்ததும் கண்ட்ரோல் ரூம் திரை என்ன காட்டுகிறது? சில இடங்களில் கடைசியாக வந்த அளவையே பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு 0 பிபிஎம் என்று பச்சையில் நிற்கும், அந்த டிடெக்டர் பதில் சொல்லி அரை மணி நேரம் ஆகியிருக்கும். ஃபால்ட்டை விட இது ஆபத்து. புரோகிராமில் இதை உடனே சரிசெய்யச் சொல்லுங்கள். ஃபால்ட் தீரும்வரை போர்ட்டபிள் டிடெக்டர் இல்லாமல் அந்தப் பகுதிக்குள் ஆள் போகக் கூடாது, ஹாட் வொர்க் (வெல்டிங் போல தீப்பொறி வரும் வேலை) பெர்மிட்டும் கிடையாது. “தொல்லை தாங்கல, பைபாஸ் போட்டுடலாம்” என்று சொல்ல எல்லா ஷிஃப்டிலும் ஒருவர் இருப்பார். டிடெக்டரின் அலாரத்தையே செயலிழக்க வைக்கும் வேலை அது, அவர் பேச்சை மட்டும் கேட்காதீர்கள்.

சரி, லைனுக்கு வருவோம். உங்களுடையது ஆர்எஸ்-485-இல் (ஏ, பி என்ற இரண்டு ஒயர்களில் எல்லா டிடெக்டர்களும் வரிசையாகச் சேரும் லைன்) ஓடும் மோட்பஸ் (பேனலும் டிடெக்டர்களும் பேசிக்கொள்ளும் முறை) என்று எடுத்துக்கொள்கிறேன். பாதுகாப்புத் துறையிடம் சொல்லிவிட்டு சப்ளையை நிறுத்தி, ஏ, பி ஒயர்களுக்கு நடுவே மல்டிமீட்டரை ஓம்ஸில் வையுங்கள். லைனின் இரு முனைகளிலும், சிக்னல் எதிரொலித்துத் திரும்பாமல் இருக்க, 120 ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் மீட்டர் 60-ஐ ஒட்டிக் காட்டும், டிடெக்டர்கள் நிறைய இருந்தால் சற்றுக் குறையலாம். 120-ஐ ஒட்டிக் காட்டினால் ஒரு முனையில் ரெசிஸ்டர் இல்லை, அல்லது நடுவில் ஒயர் அறுந்திருக்கிறது. 40 என்றால் மூன்றாவதாக ஒரு ரெசிஸ்டர் எங்கோ நடுவில் உட்கார்ந்திருக்கிறது. புது டிடெக்டர் மாட்டியவர் அதன் உள்ளே ரெசிஸ்டரை இணைக்கும் சுவிட்சை ஆன் நிலையிலேயே விட்டிருப்பார். அளவு நிலையில்லாமல் ஆடினால் தளர்ந்த ஸ்க்ரூ அல்லது பாக்ஸுக்குள் தண்ணீர். இந்த ஒரே அளவையிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அடுத்து, ஃபால்ட் எப்போது வருகிறது என்று லாக்கில் பாருங்கள். பம்ப் ஸ்டார்ட் ஆகும் நேரத்தோடு ஒத்துப்போனால் விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) கேபிளும் சிக்னல் கேபிளும் ஒரே ட்ரேயில் ஓடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். சிக்னல் கேபிளின் ஷீல்டை (ஒயர்களைச் சுற்றியிருக்கும் உலோக உறையை) இரண்டு பக்கமும் எர்த் செய்திருந்தாலும் இந்தத் தொல்லை வரலாம், பேனல் பக்கம் மட்டும் போதும். மழைக்குப் பிறகு வந்தால் கேபிள் பாக்ஸுக்குள் நுழையும் இடத்தை அடைக்கும் கிளாண்டுகளைப் பாருங்கள். குறிப்பிட்ட இரண்டு டிடெக்டர்கள் மட்டும் மாறி மாறி விழுந்தால் இரண்டுக்கும் ஒரே மோட்பஸ் முகவரி இருக்கக்கூடும்.

கடைசியில் இருக்கும் டிடெக்டர்கள் மட்டும் விழுந்தால் அது கம்யூனிகேஷன் கோளாறே இல்லாமல் போகலாம். 1.5 சதுர மி.மீ. செப்பு ஒயர் கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம். 500 மீட்டர் தூரம் என்றால் போகவும் வரவும் சேர்த்து அதே 12 ஓம். அரை ஆம்பியர் இழுத்தால் 6 வோல்ட் வழியிலேயே போய்விடும், பேனலில் 24 இருந்தாலும் கடைசியில் 18தான். பல டிடெக்டர்களுக்குக் கீழ் எல்லையே அதுதான். எனவே வோல்டேஜைப் பேனலில் அளக்காதீர்கள், கடைசி டிடெக்டரில் அளந்து பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிடிபடவில்லை என்றால் லைனை நடுவில் பிரித்து, அந்த இடத்தில் தற்காலிகமாக ஒரு 120 ஓம் போட்டு, முன்பாதியை மட்டும் ஓட விடுங்கள். ஃபால்ட் நின்றால் கோளாறு பின்பாதியில். அதையும் இரண்டாகப் பிரியுங்கள். ஃபிளேம்ப்ரூஃப் பாக்ஸை (உள்ளே வரும் தீப்பொறி வெளியே பரவாத பெட்டியை) கரண்ட் இருக்கும்போது திறக்கக் கூடாது என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனால் அவசரத்தில் திறப்பவர்கள் உண்டு. பிரித்த டிடெக்டர்களுக்குப் பதில் அங்கே ஒரு போர்ட்டபிள் இருக்கட்டும்.

சரியானதும் பேனலில் ஃபால்ட் விளக்கு அணைந்ததை வைத்து முடித்துவிடாதீர்கள். கடைசி டிடெக்டருக்கு டெஸ்ட் கேஸ் காட்டி, அலாரம் பேனல் வரை வருகிறதா என்று பாருங்கள். பிறகு வேண்டுமென்றே ஒன்றின் ஒயரைக் கழற்றி, திரை உடனே ஃபால்ட் காட்டுகிறதா என்றும் பாருங்கள். லைன் நீளத்தையும் டிடெக்டர் எண்ணிக்கையையும் கருத்துப் பகுதியில் எழுதினால் மேற்கொண்டு சொல்கிறேன்.